பைக் லாரியில்... ரைடர் விமானத்தில்! குளிர் வந்தாலே ஸ்பெயினுக்குப் பறக்கும் ஐரோப்பிய ரைடர்கள்: பின்னணி என்ன?

நவம்பர் பிறந்ததும் பிரிட்டனில் இருந்து தெற்கு நோக்கி சில லாரிகள் கிளம்புகின்றன. உள்ளே வரிசையாக நிறுத்தி, பெல்ட் போட்டுக் கட்டிய ஸ்போர்ட்ஸ் பைக்குகள். சில நாள் கழித்து அந்த பைக்குகளின் சொந்தக்காரர்கள் விமானத்தில் ஸ்பெயின் போய் இறங்குகிறார்கள். இரண்டு, மூன்று நாள் ரேஸ் டிராக்கில் பைக் ஓட்டுகிறார்கள். மறுபடி விமானம் ஏறி வீடு திரும்பி, வழக்கம்போல வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

இவர்களில் பெரும்பாலானோர் ரேஸை நம்பிப் பிழைப்பவர்கள் இல்லை. மாதச் சம்பளக்காரர்கள், சிறு தொழில் செய்பவர்கள். ஓட்டி முடித்தால் பரிசும் கிடையாது, கோப்பையும் கிடையாது. ஆனாலும் ஒரு பயணத்துக்கு 1,000 பவுண்டுக்கு மேல், அதாவது நம்ம பணத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவாவது சாதாரணம்.

வெறும் வெயிலுக்காகவா இவ்வளவு செலவு? சொந்த ஊர் டிராக்கில் ஓட்ட முடியாதா? அவ்வளவு தூரம் போய்க் கீழே விழுந்தால் செலவை யார் ஏற்பது? விரிவாகப் பார்க்கலாம்.

'டிராக் டே' என்றால் என்ன?

ரேஸ் டிராக்கை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, பொதுமக்கள் தங்கள் சொந்த வண்டியை ஓட்ட அனுமதிக்கும் நிகழ்ச்சிதான் 'டிராக் டே'. இது போட்டி கிடையாது. யார் முதலில் வந்தார் என்ற கணக்கும் கிடையாது.

ஓட்டுபவர்களைத் திறமைக்கு ஏற்றபடி மூன்று குழுவாகப் பிரிப்பார்கள்: புதியவர்கள், நடுத்தர வேகத்தில் ஓட்டுபவர்கள், வேகமானவர்கள். ஒவ்வொரு குழுவும் 15 முதல் 20 நிமிடம் ஓட்டும். பிறகு அடுத்த குழுவுக்கு வழி விட வேண்டும். இப்படிச் சுழற்சி முறையில் நாள் முழுக்க நடக்கும்.

எதிரே வண்டி வராது. சாலையில் பள்ளம் இருக்காது. நாய் குறுக்கே ஓடாது. கொடி காட்ட ஆட்களும், ஆம்புலன்சும் தயாராக நிற்கும். வேகமாக ஓட்ட ஆசைப்படுபவர்கள் பொதுச்சாலையில் வித்தை காட்டாமல் இங்கே வருவது எல்லோருக்குமே நல்லதுதான்.

சொந்த ஊரில் என்ன பிரச்னை?

முதல் பிரச்னை, வெளிச்சம். டிசம்பர் 21-ம் தேதி வாக்கில் லண்டனில் பகல் பொழுது 8 மணி நேரம்கூட இருக்காது. மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதே நாளில் தெற்கு ஸ்பெயினில் சுமார் ஒன்பதரை மணி நேரம் பகல் இருக்கும். மூன்று குழுக்கள் மாறி மாறி ஓட்ட வேண்டிய இடத்தில் இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் பெரிய விஷயம்.

இரண்டாவது, ஈரம். பனியும் தூறலுமாக இருக்கும் நாளில் தார் முழுசாகக் காயவே காயாது. பொதுச்சாலைகளில் பனி உறையாமல் இருக்க உப்பு தூவுவார்கள். அந்த உப்பு பைக்கின் இரும்புப் பாகங்களை அரித்துவிடும். அதனால் நவம்பரிலேயே பைக்கைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பேட்டரிக்கு சார்ஜர் மாட்டி மூடி வைப்பவர்கள் ஏராளம்.

ஜெர்மனியில் இதற்குச் சட்ட ஏற்பாடே இருக்கிறது. 'மார்ச் முதல் அக்டோபர் வரை' என்பது போல, பைக் ஓடும் மாதங்களை நம்பர் பிளேட்டிலேயே பொறித்துத் தருவார்கள். அந்த மாதங்கள் தவிர மற்ற நாளில் பொதுச்சாலையில் அந்த வண்டி ஓடக் கூடாது.

மூன்றாவது பிரச்னை பலருக்கும் தெரியாதது. அது சத்தம். பிரிட்டன் டிராக்குகள் பல, கிராமங்களை ஒட்டி இருக்கின்றன. வடக்கு யார்க்‌ஷயரில் உள்ள கிராஃப்ட் டிராக் மீது அக்கம்பக்கத்தினர் வழக்குப் போட்டார்கள். அதிக சத்தம் எழுப்பும் நாட்கள் ஆண்டுக்கு 40-ஐத் தாண்டக் கூடாது என்று 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. மற்ற டிராக்குகளிலும் சைலன்சர் சத்தத்தை அளந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அளவு தாண்டினால் பணம் கட்டியிருந்தாலும் திரும்ப வேண்டியதுதான். ஸ்பெயினில் ஊரை விட்டுத் தள்ளி இருக்கும் டிராக்குகளில் இந்தக் கெடுபிடி குறைவு.

இவ்வளவு இருந்தும் பிரிட்டன் டிராக்குகள் குளிர்காலத்தில் ஒரேயடியாக மூடப்படுவதில்லை. கார்களுக்கான டிராக் டே நடந்துகொண்டுதான் இருக்கும். காருக்கு நான்கு சக்கரம். வழுக்கினால் சுற்றிக்கொண்டு நிற்கும். பைக் வழுக்கினால் விழும். இந்த இடத்தில்தான் டயர் கதைக்குள் வருகிறது.

டயருக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம்?

ஓடும் பைக்கில் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். வளைவில் முழங்கால் தரையைத் தொடும் அளவுக்குச் சாயும்போது, மொத்த பாரத்தையும் தாங்குவது அந்த இரண்டு உள்ளங்கைகள்தான்.

தார்ச்சாலை பார்க்க வழவழப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் சொரசொரப்பானது. ரப்பர் மிருதுவாக இருந்தால் அந்தச் சின்னச் சின்ன மேடு பள்ளங்களுக்குள் அழுந்திப் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் 'கிரிப்' என்கிறோம்.

வெல்லப்பாகை நினைத்துப் பாருங்கள். சூடாக இருக்கும்வரை இழுபடும். ஆறினால் இறுகிவிடும். ரப்பரும் கிட்டத்தட்ட அப்படித்தான். குளிரில் இறுகிய ரப்பர் தாரைப் பிடிக்காமல் மேலாக நழுவும்.

எல்லா டயருக்கும் இது ஒரே மாதிரி இல்லை. சாலையில் ஓட்டும் டயர், குறைந்த வெப்பத்திலும் வேலை செய்யும்படி தயாரிக்கப்படுகிறது. ரேஸுக்கான 'ஸ்லிக்' டயர் வேறு ரகம். வெட்டுக்கோடுகளே இல்லாத இந்த டயர் நன்றாகச் சூடானால்தான் பிடிக்கும். அதனால் ஓட்டுவதற்கு முன்பு மின்சாரப் போர்வை போன்ற 'டயர் வார்மர்' சுற்றி, சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். உள்பகுதி வரை சூடு இறங்க ஒரு மணி நேரம்கூட ஆகும்.

சரி, வார்மர்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன பிரச்னை? டிராக்கில் இறங்கியதும் குளிர்ந்த தாரும் எதிர்காற்றும் அந்தச் சூட்டை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். வேகமாக ஓட்டினால் டயர் நெளிந்து, தேய்ந்து தானே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். பயந்து மெதுவாக ஓட்டினால் டயர் இன்னும் குளிரும். குளிர்ந்தால் கிரிப் இன்னும் குறையும். வேகமாகப் போகவும் பயம், மெதுவாகப் போகவும் பயம் என்ற இக்கட்டு இது.

ஒரே டயரில் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருப்பது இன்னொரு சிக்கல். ஸ்பெயினின் வலென்சியா டிராக்கில் இடது வளைவுகள் 9, வலது வளைவுகள் 5. இடது பக்கமே அதிகம் சாய்வதால் டயரின் வலது ஓரம் ஆறிவிடும். அங்கே நவம்பர் மாதக் காலை நேரங்களில் நான்காவது வளைவில் மோட்டோஜிபி வீரர்களே விழுவது வழக்கமான காட்சி. காரணம், அது வலது வளைவு.

ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் ஐலண்டில் 2014-ல் நடந்த மோட்டோஜிபி ரேஸும் ஒரு பாடம். ரேஸ் நடக்க நடக்க வெப்பநிலை இறங்கியது. முன்னணியில் போய்க்கொண்டிருந்த மார்க் மார்க்கெஸ் உட்பட பல வீரர்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். உலகின் தலைசிறந்த வீரர்களுக்கே இந்த நிலை என்றால், வார இறுதியில் மட்டும் ஓட்டுபவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்போ வெயில் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா?

இல்லை. 2023 செப்டம்பரில் டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் நடந்த இந்தியன் மோட்டோஜிபியை நினைவிருக்கிறதா? வெப்பமும் புழுக்கமும் தாங்காது என்பதால் ரேஸை 24 சுற்றில் இருந்து 21 சுற்றாகக் குறைத்தார்கள். அப்படியும் இரண்டாவதாக வந்த ஜார்ஜ் மார்ட்டினுக்கு உடலில் நீர் வற்றி, ரேஸ் முடிந்ததும் மருத்துவ உதவி தேவைப்பட்டது.

அமெரிக்காவிலும் இதே போன்ற குளிர்காலப் பயணம் உண்டு. கலிஃபோர்னியா பாலைவனத்தில் உள்ள சக்வல்லா டிராக்கில், கோடை வெயிலில் ஓட்டவே முடியாது என்பதால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் முக்கிய சீசன். வடக்கே பனி கொட்டும்போது ரைடர்கள் அங்கே இறங்குகிறார்கள்.

ஆக, ரைடர்கள் தேடுவது கொளுத்தும் வெயிலை அல்ல. தார் காய்ந்திருக்க வேண்டும், டயர் சூட்டைப் பிடித்துவைக்க வேண்டும், ஓட்டுபவருக்கு மயக்கம் வரக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்கும் இடம்தான் வேண்டும்.

ஏன் குறிப்பாக அல்மேரியா?

ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது அல்மேரியா மாகாணம். அங்கே தபெர்னாஸ் என்ற பாலைவனப் பகுதியில் சுமார் 4 கி.மீ. நீளமுள்ள அல்மேரியா டிராக் இருக்கிறது. பக்கத்திலேயே ஆண்டலூசியா சர்க்யூட் என்ற இன்னொரு டிராக்கும் வந்துவிட்டது. கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த பழைய கவ்பாய் படங்களில் வரும் வறண்ட நிலம் பல இதே தபெர்னாஸில் எடுக்கப்பட்டதுதான்.

ஐரோப்பாவில் பாலைவனமா? ஆமாம். காரணம், மலைகள். ஸ்பெயினுக்குக் குளிர்காலத்தில் மழை கொண்டுவரும் மேகங்கள் பெரும்பாலும் மேற்கே அட்லான்டிக் கடலில் இருந்து வருகின்றன. 3,479 மீட்டர் உயரச் சிகரம் கொண்ட சியரா நெவாடா போன்ற மலைத்தொடர்கள் அந்த மேகங்களைத் தடுத்து, ஈரத்தை மேற்குப் பக்கமே இறக்கிவிடுகின்றன. கிழக்கே இருக்கும் அல்மேரியாவுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். தென்மேற்குப் பருவமழையில் கேரளா நனைந்துகொண்டிருக்க, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் பல ஊர்கள் காய்ந்து கிடக்குமே, அதே மழை மறைவுக் கதைதான்.

கணக்கில் பார்த்தால் வித்தியாசம் புரியும். தென்மேற்கே காடிஸ் மாகாணத்தில் உள்ள கிராசலேமா என்ற மலையூரில் ஆண்டுக்கு சுமார் 2,000 மி.மீ. மழை. அல்மேரியாவில் சுமார் 200 மி.மீ.தான். ஜனவரியில் லண்டனின் பகல் வெப்பம் 8 டிகிரி வாக்கில் இருந்தால், அல்மேரியா கடற்கரையில் 16 டிகிரியைத் தாண்டும்.

ரைடர்கள் தேடிப்போகும் மற்ற டிராக்குகள்:

• ஜெரெஸ் (ஸ்பெயின்): நீளம் 4.423 கி.மீ. 1987 முதல் ஸ்பானிஷ் கிராண்ட் பிரீ நடந்த புகழ்பெற்ற டிராக்.

• போர்ட்டிமாவோ (போர்ச்சுகல்): நீளம் 4.592 கி.மீ. 2008-ல் திறக்கப்பட்டது. ரோலர் கோஸ்டர் போல ஏறி இறங்கும்.

• கார்ட்டஜீனா (ஸ்பெயின்): தென்கிழக்குக் கடற்கரைப் பகுதி. நீளம் குறைவு, வளைவுகள் நெருக்கம்.

• வலென்சியா (ஸ்பெயின்): நீளம் 4.005 கி.மீ. ஸ்டேடியம் போல, இருக்கையில் இருந்தே முழு டிராக்கையும் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. ஜெரெஸும் போர்ட்டிமாவோவும் அட்லான்டிக் பக்கம் இருப்பவை. அங்கே குளிர்காலம்தான் மழைக்காலம். உலக சூப்பர்பைக் அணிகள் ஜனவரியில் அங்கே நடத்தும் சோதனை ஓட்டங்களே மழையில் கெட்டுப்போன வருஷங்கள் உண்டு. பெரிய பெயருள்ள டிராக்கா, காய்ந்த தாரா என்று யோசிக்கும்போது பலர் அல்மேரியாவைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

மோட்டோஜிபி வீரர்களும் இதைத்தான் செய்கிறார்களா?

ஆமாம், ஆனால் வேறு விதமாக. டிசம்பர், ஜனவரி மாதங்களின் பெரும்பகுதியில் மோட்டோஜிபியில் குளிர்காலச் சோதனைத் தடை இருக்கிறது. அந்தக் காலத்தில் வீரர்கள் தங்கள் ரேஸ் பைக்கைத் தொட முடியாது. அதனால் கடையில் விற்கும் ரக சூப்பர் பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்பெயின், போர்ச்சுகல் டிராக்குகளில் பயிற்சி செய்கிறார்கள். பிப்ரவரி வாக்கில் அணிகள் மொத்தமும் மலேசியாவின் செபாங் டிராக்குக்குப் போய்விடும். ஐரோப்பாவில் குளிர் விலகாத நேரத்தில் அங்கே டயரும் தாரும் சூடாக இருக்கும்.

இங்கே ஒரு சுவாரசியமான கேள்வி எழுகிறது. வருஷம் முழுக்க ஓட்டக்கூடிய நாட்டில் பிறந்தால் அது ஒரு சாதகமா?

2010 முதல் 2025 வரை நடந்த 16 மோட்டோஜிபி சீசன்களில் 12 முறை பட்டம் வென்றது ஸ்பெயின் வீரர்கள். மார்க் மார்க்கெஸ் 7, ஜார்ஜ் லொரென்ஸோ 3, ஜோன் மிர் 1, ஜார்ஜ் மார்ட்டின் 1. மோட்டார் ரேஸில் பெரிய பாரம்பரியம் உள்ள பிரிட்டனில் இருந்து உயர்நிலைப் பிரிவில் கடைசியாகப் பட்டம் வென்றவர் பேரி ஷீன். அது 1977-ல்.

வெயில் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஸ்பெயினில் சிறுவர்களுக்கான போட்டி அமைப்பு வலுவானது. 2025-ல் மட்டும் ஜெரெஸ், பார்சலோனா, ஆரகான், வலென்சியா என நான்கு மோட்டோஜிபி ரேஸ்கள் அங்கே நடந்தன. ஸ்பான்சர்களும் அதிகம். ஆனால் இவ்வளவும் அங்கே வேரூன்ற, ஆண்டில் பெரும்பாலான நாள் காய்ந்த டிராக் கிடைத்ததும் ஒரு காரணம். பத்து வயதுப் பையன் ஒருவன் ஜனவரியிலும் பள்ளி முடிந்து பைக் ஓட்ட முடிந்தால், நான்கு மாதம் மூடி வைப்பவனை விட அவனுக்குப் பயிற்சி அதிகம் கிடைக்கும். பிரிட்டன் பெற்றோர் அதே பயிற்சிக்கு விமான டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது.

பைக் எப்படிப் போய்ச் சேருகிறது?

மூன்று வழிகள் உண்டு.

• ஏற்பாட்டாளர்களின் லாரியில் பைக்கை ஏற்றிவிட்டு, ரைடர் விமானத்தில் போவது. அல்மேரியா, மலாகா, அலிகான்டே விமான நிலையங்களுக்கு குறைந்த கட்டண விமானங்கள் உண்டு.

• சொந்த வேனில் பைக்கை ஏற்றி, பிரிட்டனின் போர்ட்ஸ்மத்தில் இருந்து வடக்கு ஸ்பெயினின் சான்டான்டருக்கோ பில்பாவோவுக்கோ கப்பலில் போவது. கப்பல் பயணமே ஒரு நாளுக்கு மேல். அதற்குப் பிறகு நாட்டின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு வேன் ஓட்ட வேண்டும்.

• அங்கேயே பைக்கை வாடகைக்கு எடுப்பது. போக்குவரத்துத் தொல்லை இல்லை. ஆனால் முன்பணம் கட்ட வேண்டும். விழுந்தால் சேதச் செலவு ஓட்டியவர் தலையில்.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு முதல் இரண்டு வழிகளிலும் காகித வேலை கூடிவிட்டது. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே இருக்கிறது. நம்பர் பிளேட் இல்லாத ரேஸ் பைக், ஸ்பேர் சக்கரம், கருவிகள் எல்லாம் லாரியில் எல்லை தாண்டும்போது, 'இவை விற்பனைக்கு இல்லை, திரும்பி வந்துவிடும்' என்று காட்ட ஆவணம் தேவைப்படும். அதற்குப் பயன்படுவது 'ஏ.டி.ஏ. கார்னெட்'. பொருட்களுக்கான பாஸ்போர்ட் என்று இதைச் சொல்வார்கள். கட்டணம், பிணைத்தொகை இரண்டும் உண்டு.

ரைடருக்கும் கட்டுப்பாடு வந்திருக்கிறது. பிரிட்டன் குடிமக்கள் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் மட்டுமே விசா இல்லாமல் தங்கலாம். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க அங்கேயே வேனில் தங்கி ஓட்டுவது இனி சுலபமில்லை. ஜெர்மனி, நெதர்லாந்து ரைடர்களுக்கு இந்த எதுவும் கிடையாது. வேனைக் கிளப்பினால் ஸ்பெயினில் போய் நிறுத்தலாம்.

வெயில் ஊருக்குப் போனால் ஆபத்து இல்லையா?

இதுதான் பலரும் ஏமாறும் இடம். பாலைவனம் என்றதும் எப்போதும் சூடு என்று நினைத்துவிடக் கூடாது. தபெர்னாஸ் கடற்கரையில் இருந்து உள்ளே தள்ளி, உயரத்தில் இருக்கிறது. பாலைவனத்தில் இரவுக் குளிர் கடுமை. ஜனவரியில் காலை முதல் செஷன் தொடங்கும்போது தார் ஜில்லென்றுதான் இருக்கும்.

மதியம் வெயில் ஏறினால் தார், காற்றை விடப் பல டிகிரி கூடுதலாகச் சூடாகும். மேகம் மூடினால் அந்தச் சூடு போய்விடும். 16 டிகிரி வெயில் நாளும், 16 டிகிரி மேகமூட்ட நாளும் டயருக்கு ஒன்றல்ல.

ஓட்டுபவரும் குளிர்ந்துதான் வருகிறார். இரண்டு மூன்று மாதம் பைக்கைத் தொடாமல், முந்தின நாள் விமானத்தில் வந்து, காலையில் தெரியாத டிராக்கில் இறங்குகிறார். இவ்வளவு பணம் கொடுத்தாயிற்று, ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்ற அவசரம் வேறு. அதனால்தான் பயிற்சியாளர்கள் முதல் செஷனை டயருக்கும் உடம்புக்கும் ஒதுக்கச் சொல்வார்கள். கடைசி நாள் மாலையும் கவனம் தேவை. கை களைத்திருக்கும், டயர் தேய்ந்திருக்கும், 'இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' என்று மனசு சொல்லும்.

விழுந்தால் செலவு யாருடையது?

மொத்த விஷயத்திலும் முக்கியமான கேள்வி இது. பதில்: பெரும்பாலும் ரைடருடையது.

சாலையில் ஓட்ட எடுத்த பைக் இன்ஷூரன்ஸ், டிராக் டேவுக்குப் பொதுவாகச் செல்லாது. சாதாரணப் பயணக் காப்பீட்டிலும் மோட்டார் விளையாட்டு விலக்கப்பட்டிருப்பது வழக்கம். டிராக்கில் இறங்கும் முன்பு 'ஆபத்தைத் தெரிந்தே ஓட்டுகிறேன்' என்று கையெழுத்தும் போட வேண்டும்.

பிரிட்டன்காரர்களிடம் 'ஜி.எச்.ஐ.சி.' என்ற சுகாதார அட்டை இருந்தால் ஸ்பெயின் அரசு மருத்துவமனையில் அவசியமான சிகிச்சை கிடைக்கும். ஆனால் தனியார் மருத்துவமனைச் செலவும், மருத்துவ உதவியாளரோடு விமானத்தில் ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்காது. கால் முறிந்து படுத்த நிலையில் நாடு திரும்புவதற்கு ஆகும் செலவின் முன்னால் டிராக் கட்டணமெல்லாம் சில்லறை.

சட்டம் என்ன சொல்கிறது? இதன் பின்னால் ஒரு டிராக்டர் வழக்கு இருக்கிறது. ஸ்லோவேனியாவில் ஒரு பண்ணையில், பின்னால் வந்த டிராக்டர் இடித்து ஏணியில் இருந்து ஒருவர் விழுந்தார். தனியார் நிலத்தில் ஓடும் வாகனத்துக்கும் கட்டாயக் காப்பீடு பொருந்தும் என்று 2014-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் ரேஸ் டிராக்கில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் சாலை வாகனம் போல இன்ஷூரன்ஸ் வேண்டுமே என்று மோட்டார் விளையாட்டுத் துறை பதறியது. அந்தத் தொகையைத் தர எந்த நிறுவனமும் முன்வராது, டிராக்குகளை மூட வேண்டியதுதான் என்ற அச்சம்.

பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. மூடிய டிராக்கில் நடக்கும் ரேஸ், பயிற்சி, சோதனை ஓட்டங்களுக்கு உறுப்பு நாடுகள் விலக்கு தரலாம். ஆனால் பார்வையாளர் உள்ளிட்ட மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்பை ஈடுகட்ட வேறு காப்பீடு இருக்க வேண்டும். பிரிட்டன் 2022-ல் தனிச் சட்டம் போட்டு, அந்தத் தீர்ப்பின் தாக்கத்தையே நீக்கிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. ஐரோப்பிய சட்டத்தின்படி அந்த மாற்றுக் காப்பீடு, ஓட்டுபவரின் காயத்தையோ அவர் வண்டியின் சேதத்தையோ ஈடுகட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேடிக்கை பார்ப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஓட்டுபவர் தன் பாதுகாப்பைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும்.

பணம் கட்டும் முன்பு கேட்க வேண்டியவை

• காப்பீட்டு ஆவணத்தில் 'மோட்டார்சைக்கிள் டிராக் டே' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா? வாய்வார்த்தை போதாது.

• தாய்நாட்டுக்குத் திரும்பக் கொண்டுவரும் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா? வரம்பு எவ்வளவு?

• லாரியில் போகும் வழியில் பைக்குக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு? சுங்க ஆவணம் யார் பெயரில்?

• மழையால் நாள் ரத்தானால் பணம் திரும்புமா?

• டயர் எந்த வெப்பத்துக்கு ஏற்றது? வார்மர் மாட்ட மின்சார இணைப்பு பிட்டில் கிடைக்குமா?

• காலை முதல் செஷன் எத்தனை மணிக்கு?

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலோ, கோவை செட்டிபாளையத்திலோ டிராக் ஓட்டுபவர்களுக்கு டிசம்பர் குளிர் ஒரு பொருட்டே இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தால் போதும். ஆனால் கடைசிக் கேள்விகள் அவர்களுக்கும் பொருந்தும். சாலைக்கு எடுத்த பாலிசி டிராக்கில் செல்லுமா என்பதை இங்கேயும் கையெழுத்துப் போடும் முன்பே படித்துப் பார்ப்பது நல்லது.

ஸ்பெயின் போகும் ரைடர் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்குவது காய்ந்த தாரையும் சில மணி நேர வெளிச்சத்தையும். குளிரில் வீட்டில் முடங்கிக் கிடக்கும் நான்கு மாதத்துக்கு நடுவே அந்த மூன்று நாள் அவருக்குப் பெரிய சந்தோஷம் என்பதில் சந்தேகமில்லை. அந்தச் சந்தோஷம் முழுசாக வீடு திரும்ப வேண்டுமானால், டயரோடு சேர்த்துக் காப்பீட்டையும் முன்கூட்டியே தயார் செய்துகொள்ள வேண்டும்.